ஹெர்மீஸில் சுட்டவர்கள் எங்கே?

'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' கேமில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்களின் வரிசை ஹெர்மீஸில் தொடங்குகிறது. ஆட்டம் தொடங்கியதும் அதிலிருந்து விமானங்கள் கிளம்பும். நிஜ ஹெர்மீஸை 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்தபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த 'வாம்பயர்' நாசகாரியும் மூழ்கியது. ஹெர்மீஸுக்கு அன்றைக்கு மிச்சமிருந்தது தளத்தில் நின்று வானத்தை நோக்கிச் சுட்ட ஆட்கள்தான்.

அந்த ஆட்களைத்தான் கேமில் காணோம். எதிரி விமானம் எல்லைக்குள் வந்ததும் பீரங்கிகள் தாமாகவே சுடும். எந்தப் பக்கம் அதிகம் சுடணும் என்று நாம் சொல்லலாம், அவ்வளவுதான். நிஜத்தில் விமானம் இருக்கிற இடத்தில் சுட்டுப் பயனில்லை. குண்டு போய்ச் சேரும்போது அது எங்கே இருக்கும் என்று கணித்துச் சுடணும். பெரிய குண்டு எத்தனையாவது விநாடியில் வெடிக்கணும் என்பதையும் முன்கூட்டியே திருகி வைக்கணும். கப்பல் வேறு ஆடும். பெரும்பாலான குண்டுகள் வெறும் வானத்துக்குத்தான் போகும்.

"கேம்தானே, விடுங்கண்ணா" என்பார்கள் வெள்ளிமலையில் என்னோடு விளையாடும் தம்பிகள். கல்வராயன் மலைப் பையன்களுக்குக் கப்பல் பெயர்களைப் பழக்கியதே இந்த கேம்தான், மறுக்கவில்லை. நான் வரலாற்றுப் பாடமும் கேட்கவில்லை. ஒரே ஒரு துப்பாக்கியை நம் கையில் கொடுத்து, சுடச்சுடத் தவறவிட வைத்திருந்தால் போதும். அந்த 307 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த பயம் கொஞ்சமாவது புரிந்திருக்கும்.