சைலஸ் மார்னர்: தள்ளுண்டவன் மீண்டும் நம்பக் கற்ற வரலாறு

ஆங்கிலப் புதின ஆசிரியர் ஜார்ஜ் எலியட் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சைலஸ் மார்னர்' அளவில் சிறியதொரு நூல். பொன்னை இழந்த கருமி ஒருவன் பொன்னிறக் கூந்தலுடைய குழந்தையைப் பெற்று மனிதனான கதை என்று இதனைப் பலர் சுருக்கிக் கூறிவிடுவர். போதகப் பணியில் இருப்போரும் அப்பணிக்கென ஆயத்தமாவோரும் இதனை வேறொரு நோக்கில் படித்தல் வேண்டும். இக்கதையின் நாயகனை முதலில் தள்ளிவிட்டது ஜெபிக்கும் சபையே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சீட்டும் தீர்ப்பும்

வட இங்கிலாந்தின் நகரமொன்றில் 'லேண்டர்ன் யார்டு' என்னும் சிறு சபையில் சைலஸ் விசுவாசமுள்ள அங்கத்தினன். தொழிலால் நெசவாளி. மரணப் படுக்கையிலிருந்த டீக்கன் ஒருவரை அவன் இரவில் காத்திருந்தபோது சபைப் பணம் களவு போகிறது. அவனுடைய கத்தி அவ்விடத்திலும், வெறும் பணப்பை அவனுடைய அறையிலும் அகப்படுகின்றன. உற்ற நண்பன் வில்லியம் டேன் செய்த சூழ்ச்சி இது. வழக்கு மன்றத்தை நாடுவது அச்சபையின் கொள்கைக்கு ஒவ்வாது. ஆகவே அவர்கள் ஜெபித்துச் சீட்டுப் போடுகின்றனர். சீட்டு சைலஸைக் குற்றவாளி என்கிறது. மனந்திரும்பினால் மட்டுமே மீண்டும் சேர்த்துக்கொள்வதாகக் கூறிச் சபை அவனை விலக்குகிறது. அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் உறவை முறித்து வில்லியமையே மணக்கிறாள்.

இங்கு ஆசிரியர் அச்சபையாரைக் கொடியவர்களாகத் தீட்டவில்லை என்பது கருதத்தக்கது. ஆராய்ந்து தீர்க்கும் கடமை அவர்களுடையது. அதனை அவர்கள் ஆண்டவர்மேல் சுமத்திவிட்டனர். தீர்ப்பு ஆண்டவருடையது என்று ஆனபின், அத்தீர்ப்பினால் வஞ்சிக்கப்பட்டவன் யாரிடம் முறையிடுவான்? சைலஸ் நண்பனையும் மணமகளையும் இழந்ததோடு, நீதியுள்ள கடவுள் ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கையையும் இழக்கிறான். சபை ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசும் எவரும் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டும்.

அடைத்த கதவு

ரேவலோ என்னும் கிராமத்தில் அவன் பதினைந்து ஆண்டுகள் தனித்து வாழ்கிறான். தறியும் பொற்காசுகளுமே அவனுக்குத் துணை. ஒருமுறை நோயுற்ற பெண்ணொருத்திக்குத் தன் தாயிடம் கற்ற மூலிகையால் உதவுகிறான். உடனே ஊரார் அவனை மந்திரவாதி என எண்ணி வசியமும் தாயத்தும் கேட்டு வருகின்றனர். பொய் கூற மனமின்றி அவர்களை அவன் திருப்பி அனுப்ப, அச்சமும் வெறுப்பும் முன்னிலும் மிகுகின்றன. அன்பு காட்ட எடுத்த முதல் முயற்சியே அவனை மேலும் அந்நியனாக்கிவிட்டது.

எனினும் அன்பின் ஊற்று அவனுள் முற்றும் வற்றிவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தண்ணீர் மொண்ட மண்குடம் உடைந்தபோது, அதன் துண்டுகளைப் பொருத்தி நினைவாகப் பழைய இடத்திலேயே வைக்கிறான். பொன்மீது அவன் கொண்ட பற்றையும் இவ்வாறே நோக்குதல் தகும். வஞ்சிக்கப்பட்ட நெஞ்சம் தன்னை வஞ்சிக்க இயலாத பொருளொன்றைத் தேடிப் பற்றிக்கொண்டது. இதனைப் பேராசை என்று மட்டும் சொல்லும் பிரசங்கியார் நோயை அறியாமல் மருந்து கொடுப்பவராவார்.

திறந்த கதவு

குழந்தை வருவதற்கு முன்னரே அக்கதவு சிறிது திறந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொன் களவு போனதும் சைலஸ் முதன்முறையாக ஊரார் கூடியிருக்கும் விடுதிக்கு ஓடி உதவி கேட்கிறான். அங்கே ஒருவன்மேல் அவசரமாகக் குற்றம் சாட்டுகிறான். தானும் ஒருகாலத்தில் ஆதாரமின்றிக் குற்றஞ்சாட்டப்பட்டதை நினைத்து, உடனே அதனைத் திரும்பப் பெறுகிறான். லேண்டர்ன் யார்டு செய்யாததை இவன் செய்தான்.

பின்னர், பனி பெய்யும் புத்தாண்டு முன்னிரவில், தாய் வெளியே இறந்துகிடக்க, குழந்தையொன்று தத்தித் தத்தி அவன் குடிசைக்குள் வருகிறது. அவ்வேளை அவன் திறந்த வாசலில் உணர்விழந்து விறைத்து நிற்கிறான். முன்பு இதே நோய்தான் அவனைக் களவுப் பழிக்கு உள்ளாக்கியது. இப்பொழுது இதுவே குழந்தைக்கு வழிவிடுகிறது. அவனுடைய திறமையோ தீர்மானமோ இதில் சிறிதும் இல்லை. கிருபை என்னும் சொல்லை ஆசிரியர் வலியுறுத்தாவிடினும், கிருபையைப் பற்றிப் போதிப்போர் இக்காட்சியைக் கடந்து செல்ல இயலாது.

குழந்தைக்கு எப்சிபா என்று தன் தாய்க்கும் மரித்த தங்கைக்கும் இருந்த பெயரையே இடுகிறான். கைவிடப்பட்ட சீயோனுக்கு ஏசாயா 62ஆம் அதிகாரம் அளிக்கும் புதுப்பெயர் அது. அப்பெயரால் அவனது அறுந்த கடந்தகாலம் நிகழ்காலத்தோடு இணைகிறது. குழந்தையின் பொருட்டு அயலார் வீடுகளுக்குச் செல்கிறான். அதற்கு ஞானஸ்நானம் பெற ஆலயத்திற்கும் செல்கிறான். அவனுடைய நம்பிக்கை முழுமை பெற்றதைப் பதினாறு ஆண்டுகளுக்குப்பின் காண்கிறோம். எப்பியைப் பெற்ற தந்தையாகிய காட்ஃப்ரி காஸ் உரிமை கோரி வரும்போது, காசுகளை இறுகப் பிடித்திருந்த அதே சைலஸ் அவளைத் தடுக்காமல், அவளே தெரிந்துகொள்ளட்டும் என விட்டுவிடுகிறான். அவளோ தன்னை வளர்த்தவனையே தந்தையாகத் தெரிந்துகொள்கிறாள்.

மதிப்பீடு

ஆசிரியரின் உண்மைப் பெயர் மேரி ஆன் எவன்ஸ். இளமையில் சுவிசேஷப் பற்று மிகுந்த அவர் 1842இல் ஆலயம் செல்வதை மறுத்தார். ஸ்ட்ராஸின் 'இயேசுவின் வாழ்க்கை' என்னும் நூலை 1846இலும், ஃபாயர்பாக்கின் 'கிறிஸ்தவத்தின் சாரம்' என்னும் நூலை 1854இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவரே. ஆகவே மனித அன்பையே அவர் கடவுளின் இடத்தில் அமர்த்துகிறார் என்னும் குற்றச்சாட்டில் பொருளுண்டு. எப்பி குறையேதுமற்ற பெண்ணாகவே வளர்வதும் கதையின் உண்மைத்தன்மையைக் குறைக்கிறது. ஆயினும் ஓரிடத்தில் அவர் நம்மில் பலரைவிட நேர்மையாயிருக்கிறார். பழைய பழியின் உண்மையை அறிய சைலஸ் லேண்டர்ன் யார்டுக்குத் திரும்பும்போது அங்கே சபையே இல்லை, தொழிற்சாலை நிற்கிறது. சபை மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் இயலாது. விடை கிடைக்காமலே அவன் நம்பிக்கையோடு வாழக் கற்றுக்கொள்கிறான்.

நம் திருச்சபைகளிலும் விலக்கப்பட்டோரின் பெயர்கள் பதிவேட்டில் உள்ளன. அவர்கள் திரும்பி வரட்டும் என்று காத்திருத்தல் போதுமா? ரேவலோவின் எளிய பெண் டாலி வின்த்ராப், களவு நிகழ்ந்தபின் அப்பங்களைச் சுட்டு எடுத்துக்கொண்டு சைலஸின் வாசலுக்குச் சென்றாள். ஆலயப் பிரசங்க பீடத்துத் துணியில் கண்ட சில எழுத்துகளை அவற்றில் பதித்திருந்தாள். இயேசுவின் திருப்பெயரைக் குறிக்கும் எழுத்துகள் அவை. அவளுக்கு அவற்றின் பொருள் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆயினும் அவள் சென்றாள். பொருள் அறிந்த நாம் செல்ல வேண்டிய வாசல்கள் எவை என்பதை அவரவர் சபையில் எண்ணிப் பார்ப்போமாக.