வானத்தைச் சுருட்டிய குழாய்

பம்பு இல்லை, மோட்டார் இல்லை. கொசுவர்த்திபோல் சுருட்டிய மெல்லிய எஃகுக் குழாய்; நீட்டினால் நூறு மீட்டர் அளவுக்கு வரும். ஒரு முனை மூடியது, மறுமுனை திறந்தது. ஏர்கோர் என்று பெயர். அமெரிக்காவின் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் ஆய்வகத்தில் பீட்டர் டான்ஸுக்குத் தோன்றிய யோசனை.

பலூன் அதை 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கும்போது, வெளியழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் வாயு தானாக வெளியேறுகிறது. பாராசூட்டில் இறங்கும்போது அழுத்தம் கூடக்கூட வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. உச்சிக் காற்று குழாயின் அடியில், தரைக்காற்று வாயருகில்: வானமே தலைகீழாக, வரிசை குலையாமல்! இதைவிடச் சிக்கனமான கருவியை நான் அறியேன்.

பிறகு குழாயிலிருந்து காற்றை மெல்ல வெளியே தள்ளி, உயரவாரியாகக் கரியமில வாயுவையும் மீத்தேனையும் அளக்கிறார்கள். தரையிறங்கிய சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் அடுக்குகள் கலந்துவிடும்.