மணிமேகலை எங்கே?

காளையார்கோவில்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. பிறந்தது பாண்டிய நாடு. ராத்திரி கண் விழித்துப் படித்ததோ சோழன் கதை. வீரபாண்டியன் தலையை வெட்டிய ஆதித்த கரிகாலனுக்கு ஆபத்து என்றால் பதறியவர்கள் நாங்கள். ரவிதாஸன் கூட்டம் 'நம்ம ஆளுங்க' என்பது யாருக்காவது உறைத்ததா? ஊஹூம். அதுதான் சார் கல்கி!

பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, அத்தை பைண்டு பண்ணி வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்'தான் நான் படித்த முதல் நாவல். 2023 ஏப்ரல் 28-ல் மணிரத்னத்தின் இரண்டாம் பாகம் வெளியானதும், அத்தையோடு காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். படம் முடிந்து வெளியே வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்.

''ஏம்ப்பா, மணிமேகலை எங்கே?''

போன வாரம் வீட்டில் மறுபடி பார்த்தேன். பி.காம். படித்த பாவத்துக்கு வரவு-செலவு போட்டேன்.

வரவில் முதலாவது, கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் சந்திக்கிற காட்சி. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் வாயால் பேசியதைவிடக் கண்ணால் பேசியது அதிகம். இரண்டாவது, கார்த்தி. வந்தியத்தேவனுக்கு இனி வேறு முகம் தோன்றாது. மூன்றாவது, 1958-ல் எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்து முடியாமல் போனதை ஒருவர் முடித்துக் காட்டினாரே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

செலவு? நாவலில் கிரீடம் பூக்காரன் சேந்தன் அமுதன் தலைக்குப் போகிறது. படத்தில் ரகுமான் தலைக்குப் போகிறது. நாவலில் இல்லாத ராஷ்டிரகூட யுத்தம் ஒன்று கடைசியில் வருகிறது. ஐந்து பாகத்தை இரண்டு படத்துக்குள் அடைக்கும்போது இதெல்லாம் சகஜம். மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்றது யார்?

உடையார்குடிக் கல்வெட்டு, ரவிதாஸன் உள்ளிட்டவர்களைத் துரோகிகள் என்று பேர் போட்டே சொல்கிறது. கல்கிக்கு அது தெரியும். தெரிந்தும் நாவலில் கட்டிலடங்கா இருட்டு ஒன்றை வைத்தார். பெரிய பழுவேட்டரையர் 'நான்தான்' என்கிறார். வந்தியத்தேவனைக் காப்பாற்ற மணிமேகலையும் 'நான்தான்' என்கிறாள். சிறைக்குப் போகிறவனோ வந்தியத்தேவன். 1954 டிசம்பரில் கல்கி காலமானார். அந்த முடிச்சை அவிழ்க்காமலேதான் போனார். நாங்கள் திண்ணைக்குத் திண்ணை தீர்ப்பு எழுதினோம். எங்கள் வீட்டிலேயே மூன்று கொலையாளிகள்!

படத்தில் விளக்கைப் போட்டு, அன்று நடந்தது இதுதான் என்று காட்டிவிட்டார்கள். அப்புறம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு பெண் எதற்கு? மணிமேகலைக்கு வேலையே இல்லாமல் போனது அதனால்தான். சந்தேகம் போன வழியில் அவளும் போய்விட்டாள்.

அத்தைக்கு போன் பண்ணி இந்த 'கண்டுபிடிப்பை'ச் சொன்னேன். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர் விடுவதை வருஷா வருஷம் படித்து அழுகிறவர் அவர். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்:

''படத்துல அவ வரலைன்னா, சாகவும் இல்லைல்ல? அது போதும்ப்பா.''