சொல்லுக்குக் குடியுரிமை, பேசுகிறவனுக்கு?

ஆங்கிலக் கொச்சைச் சொற்களைப் பற்றிய சண்டைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்: சண்டை உண்மையிலேயே சொல்லைப் பற்றியதுதானா? ஆங்கில அகராதிகள் அவ்வப்போது தெருச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு பட்டியல் வெளியிடுகின்றன. மொழி ஜனநாயகமாகிவிட்டது என்று ஒரு கூட்டம் கைதட்டுகிறது. மொழி கெட்டுப்போச்சு என்று இன்னொரு கூட்டம் ஒப்பாரி வைக்கிறது. அந்தச் சொல்லை வாயில் வைத்திருப்பவன் பேசினால் யார் காது கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை இரண்டு கூட்டமும் கேட்பதில்லை.

ஒப்பாரி பழசு. 1710இல் ஜோனதன் ஸ்விஃப்ட் 'டாட்லர்' இதழில், சொற்களை வெட்டிக் குறுக்கிப் பேசும் வழக்கத்தைச் சாடினார். அவர் தடுத்து நிறுத்தப் பார்த்த சொற்களில் ஒன்று 'மாப்'. நிலையில்லாத கும்பல் எனப் பொருள்படும் 'மொபிலே வல்கஸ்' என்ற லத்தீன் தொடரின் வெட்டுத்துண்டு அது. இன்று எந்த ஆங்கிலப் பத்திரிகையும் கூசாமல் அச்சிடுகிறது. சொல் மேலே ஏறிவிட்டது. அது சுட்டுகிற மனிதர்கள் மீதான அருவருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1961இல் பிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டரின் மூன்றாவது பேரகராதி வந்தது. 'எய்ன்ட்' என்ற சொல்லைப் பலர் ஏற்பதில்லை என்றாலும், படித்தவர்களும் பேச்சில் வழங்குகிறார்கள் என்று அது பதிவு செய்தது. 'பேச்சு வழக்கு' என்ற முத்திரையையே கைவிட்டது. பத்திரிகைகள் கொதித்தன. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கண்டித்து, 1934இன் பழைய பதிப்பையே பின்பற்றப்போவதாக அறிவித்தது. எது சரி எது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல, சுமார் 100 பேர் கொண்ட குழுவோடு 1969இல் அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதி கிளம்பியது. வேடிக்கை என்னவென்றால், இதே 'எய்ன்ட்' ஒரு காலத்தில் இங்கிலாந்து மேட்டுக்குடியின் வீட்டுப் பேச்சில் சகஜமாகப் புழங்கியதுதான். பிரபு சொன்னால் ஒயில், கூலிக்காரன் சொன்னால் அறியாமை. சொல் ஒண்ணுதான், வாய்தான் வேற.

நான் கோவ் பக்கம்தான். ஆனால் அகராதிக்குள் நுழைந்ததோடு விடுதலை கிடைத்துவிட்டதாக நம்புவதை மறுக்கிறேன்.

லூசியானாவில் ஒரு கறுப்பின இளைஞர். அவர் மீதான குற்றச்சாட்டு கொடியது. அது மெய்யா பொய்யா என்பது இங்கே பேச்சல்ல. போலீஸ் விசாரணையில் அவர் சொன்னது ஏறக்குறைய இது: நான்தான் செஞ்சேன்னு நீங்க நெனச்சா, எனக்கு ஒரு லாயரைக் குடுக்க வேண்டியதுதானே, டாக். இந்த 'டாக்' நம்ம 'மச்சி' மாதிரி ஒரு விளி, எழுத்தில் 'நாய்'. 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் அவரது மனுவை ஏற்க மறுத்தது. அதற்கு உடன்பட்டு எழுதிய நீதிபதி ஒருவர், 'லாயர் டாக்' என்ற குறிப்பு தெளிவற்றது, அது வழக்கறிஞரைக் கேட்டதாகாது என்றார். இடையில் ஒரு காற்புள்ளிகூட இல்லை.

'நெனச்சா' என்ற நிபந்தனைதான் சிக்கல், 'டாக்' அல்ல என்று அவருக்காகச் சிலர் வாதாடலாம். உரிமையை ஐயத்துக்கு இடமின்றிக் கேட்க வேண்டும் என்று 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் அதிகாரத்தின் முன்னால் உட்கார வைக்கப்பட்டவன் வேறு எப்படிக் கேட்பான்? சுற்றி வளைத்துத்தான் கேட்பான். பேச்சின் இயல்பே அது. எழுத்து மாதிரி பேசுகிறவனுக்குத்தான் உரிமை என்றால், அது உரிமையல்ல, பரீட்சை.

2002 முதல் 'அமெரிக்கன் ஐடல்' தொலைக்காட்சிப் போட்டியில் நடுவர் ராண்டி ஜாக்சன் இதே சொல்லால்தான் போட்டியாளர்களை விளித்தார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். யாரும் மேடையில் நாயைத் தேடவில்லை. விற்பனைக்கு வரும்போது புரிகிற சொல், உரிமை கேட்கும்போது மட்டும் புரியாமல் போகிறது. இதை அறியாமை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

கெட்ட எண்ணமே இல்லாத இடத்திலும் இது நடக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பிலடெல்ஃபியா நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்கள் 27 பேருக்குக் கறுப்பினத்தவர் பேச்சுப் பதிவுகள் போட்டுக் காட்டப்பட்டன. வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் சரியாக எழுதப்பட்டவை சுமார் 60 விழுக்காடு. இவர்கள் 95 விழுக்காடு துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்றவர்கள். அந்தத் துல்லியம் யாருடைய பேச்சை வைத்து அளக்கப்பட்டது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. மேல்முறையீட்டில் நீதிபதி வாசிப்பது பேசியவன் குரலையல்ல, இந்தத் தாளை.

ஆகவே அகராதிப் பட்டியல்களைக் கொண்டாடுகிற நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தப் பேச்சைப் பேசி வளர்ந்த ஒருவர் நீதிமன்றப் பதிவை ஒருமுறை சரிபார்க்கட்டும். சுருக்கெழுத்தாளர்களின் பயிற்சியில் அந்தப் பேச்சும் ஒரு பாடமாகட்டும். தாளோடு ஒலிநாடாவையும் நீதிபதி கேட்கட்டும். இவை ஒன்றும் புரட்சியல்ல, அலுவலக வேலைகள். அகராதிக்காரர்கள் பாட்டுக்குச் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு காற்புள்ளி போட ஆளில்லாத இடத்தில் அகராதியைத் தூக்கிக் காட்டாதீர்கள்.