கம்பெனி கை மாறினால் டைம்ஷேர் உறுப்பினருக்கு என்ன ஆகும்? ஸ்டெர்லிங்கை முன்வைத்து ஒரு குறிப்பு

"கம்பெனியை வேற யாரோ வாங்கிட்டாங்களாமே, நம்ம மெம்பர்ஷிப் செல்லுமா?" தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் டைம்ஷேர் வாங்கி வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர்களிடம் இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சொந்தக்காரர்கள் சொல்வது: "போட்ட காசு போச்சு." கம்பெனி கடிதம் சொல்வது: "உங்கள் உரிமைகள் எதுவும் மாறாது."

முதல் பதில் பெரும்பாலும் தப்பு. இரண்டாவது பதில் சட்டப்படி சரி, ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. இந்த இரண்டாவது பதிலைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒப்பந்தங்களையும் சட்டப் பிரிவுகளையும் படிப்பது பொழுதுபோக்கு.

சென்னையில் பிறந்த வியாபாரம்

இந்திய டைம்ஷேருக்குச் சென்னைதான் தாய்வீடு என்று சொல்லலாம். ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986இல் இங்கே தொடங்கியது. 1996இல் வந்த மகிந்திரா ஹாலிடேஸும் சென்னையை மையமாக வைத்து வளர்ந்த கம்பெனிதான். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, மூணாறு என்று நம்ம ஊர் நடுத்தரக் குடும்பம் மே மாதம் போக ஆசைப்படும் இடங்களில் ரிசார்ட். முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டிவிட்டு, வருஷத்துக்கு ஒரு வாரம் போய்த் தங்கலாம். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தனி. ரயில்வே, பேங்க், ஏர்ஃபோர்ஸ், மெப்ஸ் என்று மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இது வீட்டு மனைக்கு அடுத்தபடியான சொத்து மாதிரி தெரிந்தது. ஆனால் பெரும்பாலான திட்டங்களில் வாங்கியது சொத்து இல்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும். அறையும் அது நிற்கும் நிலமும் கம்பெனியுடையவை, அல்லது கம்பெனி குத்தகைக்கு எடுத்தவை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்டெர்லிங் கடன் நெருக்கடியில் மாட்டியது. பல வருஷம் தள்ளாடிய பிறகு பே கேபிடல் போன்ற முதலீட்டாளர்கள் உள்ளே வந்தார்கள். மகிந்திரா ஹாலிடேஸில் தலைமைப் பொறுப்பில் இருந்த ரமேஷ் ராமநாதன் 2011இல் ஸ்டெர்லிங்குக்கு வந்தார். 2014 பிப்ரவரியில் தாமஸ் குக் இந்தியா, ஸ்டெர்லிங்கை வாங்கி இணைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. மொத்த மதிப்பு சுமார் 870 கோடி ரூபாய். ஸ்டெர்லிங் பங்கு 100 வைத்திருந்தவருக்குத் தாமஸ் குக் பங்கு 120 என்று கணக்கு. மெட்ராஸ், பம்பாய் உயர் நீதிமன்றங்களின் ஒப்புதலோடு 2015இல் இணைப்பு முடிந்தது.

அந்தத் தாமஸ் குக் இந்தியாவும் அதற்குக் கொஞ்சம் முன்புதான் கை மாறியிருந்தது. 2012இல் பிரிட்டிஷ் தாமஸ் குக்கிடமிருந்து அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ், ஹைதராபாத்தில் பிறந்த பிரேம் வத்சாவின் குழுமம். அதனால்தான் 2019 செப்டம்பரில் பிரிட்டிஷ் தாமஸ் குக் திவாலானபோது இந்திய நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர் ஒன்று, உரிமையாளர் வேறு. அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்த ஸ்டெர்லிங் உறுப்பினர் யாராவது இருந்தால், அவர் பயந்தது தேவையில்லாத பயம்.

உறுப்பினர் என்ற சொல்

இந்த இணைப்பில் எனக்கு மிகவும் சுவாரசியமான விஷயம் செய்தித்தாள் தலைப்பில் வராத ஒன்று. ஸ்டெர்லிங் அப்படியே தாமஸ் குக்கில் கரைந்துவிடவில்லை. ரிசார்ட், டைம்ஷேர் வியாபாரத்தை மட்டும் தனியாகப் பிரித்து, தாமஸ் குக்கின் துணை நிறுவனமான தாமஸ் குக் இன்ஷூரன்ஸ் சர்வீசஸ் என்ற கம்பெனிக்கு மாற்றினார்கள். மீதி இருந்த ஸ்டெர்லிங்தான் தாமஸ் குக்கோடு இணைந்தது. பிறகு அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரையே ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். அதாவது, ஏற்காட்டில் ஒரு வாரம் தருவதாகக் கையெழுத்துப் போட்ட கம்பெனி வேறு, 2015க்குப் பிறகு அந்த வாரத்தைத் தரவேண்டிய கம்பெனி வேறு. போர்டில் பெயர் மட்டும் பழைய பெயர்.

இதில் மோசடி எதுவும் இல்லை, கார்ப்பரேட் உலகில் சாதாரணம். இதுபோன்ற திட்டங்களில் பழைய கம்பெனியின் ஒப்பந்தங்கள் எல்லாம் புதிய கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருப்பார்கள். நீதிமன்றம் ஒப்புதல் தந்ததும் அது சட்டப்படி நிற்கும். அதனால்தான் "போட்ட காசு போச்சு" என்பது தப்பு.

ஆனால் இந்த ஒப்புதலை யார் தருகிறார்கள்? அன்று 1956 கம்பெனிகள் சட்டத்தின் 391 முதல் 394 வரையான பிரிவுகள். 2016 டிசம்பரிலிருந்து 2013 சட்டத்தின் 230 முதல் 232 வரை, உயர் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். இரண்டிலும் ஓட்டுப் போடுவது பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும். மதிப்பில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். இப்போதைய 230வது பிரிவின்படி ஆட்சேபம் சொல்லவே 10 சதவீதப் பங்காவது, 5 சதவீதக் கடனாவது கையில் இருக்கவேண்டும்.

கம்பெனிச் சட்டத்தில் மெம்பர் என்றால் பங்குதாரர். டைம்ஷேர் விற்பனைக்காரர் வாயில் மெம்பர் என்றால் வாடிக்கையாளர். அட்டையில் மெம்பர் என்று போட்டு, ஐடி நம்பர் கொடுத்து, வருஷா வருஷம் கட்டணம் வாங்கினாலும், கம்பெனியை விற்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் இந்த மெம்பருக்கு நாற்காலி இல்லை. 500 ரூபாய்க்குப் பங்கு வாங்கியவருக்கு நோட்டீஸ் போகும். மூன்று லட்சம் கட்டியவர் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆங்கிலத்தில் ஓனர் என்று வேறு அழைக்கிறார்கள்!

எழுதினதும் எழுதாததும்

சரி, ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

எங்கள் தொழிலில் பழைய மென்பொருளைப் புதுக் கம்பெனி வாங்கினால், எழுத்தில் உத்தரவாதம் தந்த வசதிகளை வேலை செய்ய வைப்பார்கள். உத்தரவாதம் இல்லாமலே இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும். கேட்டால், "அது டாக்குமெண்டில் இல்லையே" என்பார்கள். பழைய பயனர்கள் நம்பியிருந்தது பெரும்பாலும் அந்த எழுதாத பகுதியைத்தான். டைம்ஷேரிலும் இதேதான்.

ஒப்பந்தத்தில் வழக்கமாக எழுதியிருப்பது: எத்தனை நாள், எந்த சீசன், எந்த அளவு அறை, எத்தனை வருஷம். எழுதாமல் விடுவது, அல்லது கம்பெனியின் விருப்பத்துக்கு விடுவது: மே மாதம் கேட்டால் அறை கிடைக்குமா, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறும், இந்த ரிசார்ட் இல்லையென்றால் எதைத் தருவார்கள், வெளி ஆட்களுக்கு எத்தனை அறை ஒதுக்குவார்கள். நிர்வாகம் மாறும்போது கை வைக்கும் இடம் இந்த இரண்டாவது பட்டியல். முதல் பட்டியலைத் தொடவே வேண்டாம்.

புது உரிமையாளர் ஏன் அதில் கை வைக்கிறார்? அவர் கெட்டவர் என்பதால் இல்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 25 வருஷத்துக்கு மூன்று லட்சம் கட்டினீர்கள் என்றால் வருஷத்துக்கு 12,000. பழைய கணக்கு முறையில் அந்த மூன்று லட்சத்தில் பெரும்பகுதியை விற்ற வருஷமே வருமானமாகக் காட்ட முடிந்தது. மகிந்திரா ஹாலிடேஸ் 60 சதவீதத்தை அப்படிக் காட்டிவந்தது. 2018 ஏப்ரலில் இந்த் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் விதி வந்த பிறகு, அதை ஒப்பந்தக் காலம் முழுவதும் பரப்பிக் காட்ட வேண்டியதாயிற்று. கணக்கு எப்படி எழுதினாலும் ரொக்கம் வந்தது முதல் உரிமையாளர் காலத்தில். பத்தாம் வருஷம் கம்பெனியை வாங்குபவருக்குக் கிடைப்பது உங்கள் பணம் இல்லை, உங்களுக்கு அறை கொடுக்கவேண்டிய கடமை. அதே அறையை ஆன்லைனில் விற்றால் மே மாதம் ஒரு ராத்திரிக்கே பல ஆயிரம் வரும். இன்று ஸ்டெர்லிங் ரிசார்ட்டில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து அறை எடுக்கலாம். நல்ல ஹோட்டல் நிர்வாகி என்ன செய்வார்? பழைய மெம்பர் அவருக்கு, அறையை அடைத்துக்கொண்டு அன்றைக்குக் காசு தராத விருந்தாளி. ஆக, நிர்வாகம் திறமையானதாக ஆக ஆகப் பழைய உறுப்பினருக்கு நெருக்கடி கூடவும் செய்யலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். வாங்க ஆளே வராமல் இருந்திருந்தால் ஸ்டெர்லிங்கின் பழைய மெம்பர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? பணம் உள்ள கை வந்ததால்தான் ரிசார்ட்டுகள் புதுப்பிக்கப்பட்டன. இடிந்துபோன ரிசார்ட்டில் உறுதியான உரிமை இருப்பதைவிட, நல்ல ரிசார்ட்டில் இழுபறியான உரிமை மேல் என்று ஒருவர் வாதிடலாம். நானும் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்தப் பேரத்தில் உறுப்பினர் சம்மதம் யாரும் கேட்கவில்லை என்பது மாறாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான், பளபளப்பு கொஞ்சம் கூட. 2021இல் ஹில்டன் கிராண்ட் வெக்கேஷன்ஸ், டயமண்ட் ரிசார்ட்ஸை வாங்கியது. அடுத்த வருஷம் இரண்டு பக்கத்து ரிசார்ட்டுகளையும் திறந்துவிடும் புது உறுப்பினர் திட்டம் வந்தது. பழைய டயமண்ட் உரிமையாளர்கள் அதில் சேர மேற்கொண்டு வாங்கவேண்டும். பழையதை யாரும் பறிக்கவில்லை, பக்கத்தில் புதிய வாசல் ஒன்றைத் திறந்து டிக்கெட் போட்டார்கள்.

மோசமான கைமாற்றம்

மேலே சொன்னது எல்லாம் கம்பெனி உயிரோடு இருக்கும்போது. திவால் வழியாகக் கை மாறினால் கதை வேறு. 2016 திவால் சட்டத்தின் கீழ் ஒரு தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றால், அதில் சேராத பழைய கோரிக்கைகள் அழிந்துபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கனஷியாம் மிஸ்ரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொது அறிவிப்பு வரும்போது கோரிக்கை மனு போடாமல் இருந்துவிட்டு, பிறகு புது உரிமையாளரிடம் அட்டையை நீட்டிப் பயனில்லை.

டைம்ஷேர் என்ற பெயரில் டெபாசிட் வாங்கிய கம்பெனிகளும் உண்டு. பான்கார்டு கிளப்ஸ் ஹோட்டல் இரவுகளை விற்றது. தங்காவிட்டால் பணமாகத் திரும்பும் என்றது. 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய அதை, அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தர 2016 பிப்ரவரியில் செபி உத்தரவிட்டது. தங்கப்போவதைவிடத் திரும்பி வரும் பணத்தைப் பற்றி அதிகம் பேசினால், அது டைம்ஷேரே இல்லை.

சட்டத்தில் இல்லாத ஒரு வரி

இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஃப்ளோரிடாவில் இருக்கிறது. அங்கே டைம்ஷேர் திட்டத்தைக் கைமாற்றும் பத்திரத்திலேயே, வாங்கியவர்களின் தங்கும் உரிமையை முழுமையாக மதிப்பேன் என்று புது உரிமையாளர் எழுதித் தரவேண்டும். உறுப்பினர்களின் உரிமையைப் பாதிக்கும் மாற்றம் என்றால் அவர்களுக்கு நோட்டீஸும் போகவேண்டும். ஸ்பெயினில் காலவரம்பு 50 வருஷம். அதைத் தாண்டிய ஒப்பந்தங்களை 2015இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 14 நாள் யோசித்து விலகும் உரிமை இருக்கிறது.

நம்மிடம் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில். அதன் பிரிவு 2(46), நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று பட்டியல் போடுகிறது. நுகர்வோருக்குப் பாதகமாக, அவர் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்ற வழிவிடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. இது நல்ல ஆயுதம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட ஆணையத்தில் போட முடியாது, சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். 2020க்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதில் வாதம் எழும். அறை தரவில்லை என்பது போன்ற சேவைக் குறைபாட்டை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கேட்கலாம். தாம்பரம்காரர்களுக்கு அது செங்கல்பட்டு. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும்.

கையில் ஃபைல் இருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு மாற்றும் உரிமை தரும் வரியையும், கட்டணம் ஏற்றும் வரியையும் தேடிப் படியுங்கள். எந்தக் கம்பெனி பெயரில் இப்போது ரசீது வருகிறது என்று பாருங்கள். அறை கேட்டு மறுத்தால் போனோடு விடாமல் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். புதுத் திட்டத்துக்கு மாறச்சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், பழைய உரிமை எதை விடுகிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். கம்பெனி கை மாறிய செய்தி வந்த கையோடு, உங்கள் மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம், முதலில் ஃபீஸ் கட்டுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

காலம் முடியாத ஒப்பந்தம் என்றால் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். அந்த ஃபைலோடு சேர்ந்து கட்டணப் பாக்கியும் அவர்களைத் தேடி வரலாம்.