கேட்கும் செவியும் கேட்பிக்கும் கரமும்

இசை இரசனை தனிமனிதரின் இயல்பான குணம் என்றும், உள்ளம் விரும்புவதையே செவி நாடுகின்றது என்றும் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் விருப்பம் பிறப்பதற்கு முன்னர் அறிமுகம் நிகழ்தல் வேண்டும். அவ்வறிமுகத்தை நிகழ்த்துவோர் யாவர் என்பதே இங்கு எழும் வினா. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்று இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும்.

பாலையூற்றில் தமிழரின் அயலில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வாழ்கின்றனர். தமிழோடு போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் அவர்களது வழக்கிலிருந்து வந்துள்ளது. வயலினும் ரபானும் ஒலிக்க மணவீட்டில் கபிரிஞ்ஞா ஆடுவது அவர்களது மரபு. இலங்கை முழுவதும் பரவிய பைலாவின் மூலவேர்களுள் இக்கபிரிஞ்ஞாவும் ஒன்று. 1940களில் வாலி பஸ்தியன் பைலாவைச் சிங்களத்தில் பரவலாக்கினார். பின்னர் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப் பாடல்களிலும் அத்தாளம் புகுந்தது. மனோகரன் புகழ்பெறச் செய்த 'சுராங்கனி' கடல் கடந்து, 1977இல் இளையராஜாவின் இசையமைப்பில் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற திரைப்படத்திலும் இடம்பெற்றது. அயல்வீட்டு வேலிக்கு அப்பால் ஒலித்த தாளம் தமிழ்ச் செவியில் மதிப்புப்பெறுவதற்குக் கொழும்பையும் சென்னையையும் சுற்றிவர வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கான காரணங்களுள் ஒன்று வணிகம். 1952இல் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இலங்கை வானொலியின் வர்த்தக சேவை விளம்பரதாரரின் துணையுடன் அவற்றை இந்திய நேயர்க்கும் வழங்கியது. ஒரு பாடல் திரும்பத் திரும்ப ஒலிபரப்பப்படும்போது அப்பழக்கமே விருப்பமாகத் தோற்றங்கொள்கின்றது என 1941இல் அடோர்னோ எழுதிய கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. விளம்பரதாரரற்ற மணவீட்டு இசைக்கு இத்தகைய வாய்ப்பு எவ்வாறு கிடைக்கும்?

எனினும், பழியனைத்தையும் வணிகத்தின்மீது சுமத்துவது அரைகுறை விமர்சனமேயாகும். பண்பாடும் தன்பங்குக்குக் கதவடைத்தது. கருநாடக இசையை உயர்ந்தோர் கலையாகவும் பைலாவைக் குடிக்களிப்பாகவும் தரம்பிரித்த மனப்பாங்கு எந்த நிறுவனத்தாலும் விற்கப்பட்டதன்று. அது சமூகத்தின் அகத்தே விளைந்தது. அதே மனப்பாங்கு, சந்தையில் வெற்றிபெற்றபின் அத்தாளத்தை வரவேற்கத் தயங்கவில்லை. பண்பாடு புறக்கணித்ததை வணிகம் விலைப்படுத்தியது. வணிகம் விலைப்படுத்தியதைப் பண்பாடு ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டுக்கும் இடையில் மூலக் கலைஞர் மறக்கப்பட்டனர்.

இந்நிலை மாற்றமுடியாததன்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1970களின் முற்பகுதியில் இலங்கை வானொலி உள்ளூர் மெல்லிசைக்கும் பொப் இசைக்கும் இடமளித்தது. திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் போன்றோரும் அக்காலத்தில் நேயர்களைப் பெற்றனர். செவி மாறவில்லை, செவிக்கு வரும் வழி மாறியது. 1977இன் பின்னர்த் திறந்த பொருளாதாரத்தோடு ஒலிநாடாக்கள் பெருகியபோது அவ்வழி மீண்டும் திரையிசைக்கே அகன்றது. இன்று கைத்தொலைபேசி, முன்பு கேட்டதை ஒத்ததையே அடுத்துக் கேட்குமாறு பரிந்துரைக்கின்றது. ஒருமுறையேனும் கேட்கப்படாதது அங்கும் பரிந்துரைக்கப்படுவது அரிது.

2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் மொழியையும் பாடலையும் பதிவுசெய்தனர். அப்பணி போற்றற்குரியது. ஆயினும் ஆவணக் காப்பகம் மணவீட்டுக்கு ஈடாகாது. இளந்தலைமுறையினர் தமிழையே முதன்மொழியாகக் கொள்ளும் இந்நாளில், கபிரிஞ்ஞாவின் பாடல்வரிகளை அறிந்தோர் அருகி வருகின்றனர். தாளம் திரையிசையில் பிழைத்திருக்கலாம். அதனைப் பிறப்பித்த மொழியும் ஆடலும் அவ்வாறு பிழைக்கமாட்டா. நாட்டாரிசையைத் தேடித் தொலைதூரக் கிராமங்களுக்குச் செல்லும் நம் இசையாய்வு, பாலையூற்றின் மணவீடுகளையும் தன் களமாகக் கொள்ளவேண்டும். அதற்குரிய காலம் நீண்டதன்று.