ஜான் சுலோனின் நகர ஓவியங்கள்: பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

ஜான் சுலோன் (1871–1951) அமெரிக்க ஓவியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்தின் அன்றாட வாழ்வை வரைந்த ‘ஆஷ்கேன்’ ஓவியர்களுள் முதன்மையானவர். ஆஷ்கேன் என்பது தெருவோரத்தில் சாம்பலும் குப்பையும் கொட்டும் தகரத் தொட்டி. அழகான பொருள்களை விட்டுவிட்டு இத்தகையவற்றை வரைகிறார்கள் என்ற ஏளனமே பின்னர் அவர்களுக்குப் பெயராக நிலைத்தது. சுலோனின் ஓவியங்கள் எளிய மக்களைப் பரிவோடு காட்டுகின்றன என்பது பொதுவான கருத்து. அந்தப் பரிவு எங்கே நின்றுகொண்டு பார்க்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

சுலோன், வில்லியம் கிளாக்கன்ஸ், ஜார்ஜ் லக்ஸ், எவரெட் ஷின் ஆகிய நால்வரும் பிலடெல்பியா செய்தித்தாள்களில் படம் வரைந்து பிழைத்தவர்கள். செய்திகளுக்குப் புகைப்படம் பரவலாகாத காலம் அது. நிகழ்ச்சியை விரைவாகப் பார்த்து, நினைவில் கொண்டு, கெடு முடிவதற்குள் வரைந்து தருவது அவர்களின் தொழில். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் ராபர்ட் ஹென்ரை. சுற்றியுள்ள வாழ்வே ஓவியத்துக்குப் போதுமான பொருள் என்று அவர் ஊக்குவித்தார். 1908 பிப்ரவரியில் இவ்வைவரும் வேறு மூவரும் நியூயார்க்கின் மக்பெத் கலைக்கூடத்தில் ‘எண்மர்’ என்ற பெயரில் கண்காட்சி நடத்தினர்.

ஏழைகளின் வாழ்வு அதற்கு முன்பே படமாகியிருந்தது. ஜேக்கப் ரீஸ் 1890ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளைப் புகைப்படங்களுடன் நூலாக வெளியிட்டார். ரீஸ் காட்டியது சீர்திருத்தப்பட வேண்டிய அவலம். சுலோன் காட்டியதோ, அதே நகரத்தில் மனிதர்கள் சிரிப்பதும் பேசுவதும் இளைப்பாறுவதும். வேறுபாடு இங்குதான் தொடங்குகிறது.

சன்னல்களின் நகரம்

சுலோன் 1904இல் நியூயார்க்கில் குடியேறினார். அடுக்குமாடி வீடுகளில் ஒருவர் சன்னலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சமையலறை தெரியும். அவருடைய பல ஓவியங்கள் இப்படிப் பார்த்தவையே. ‘அதிகாலை மூன்று மணி’ (1909) ஓவியத்தில் இரு பெண்கள் ஒரு சமையலறையில் இருக்கிறார்கள். ஒருத்தி மேசையருகே அமர்ந்திருக்க, மற்றவள் இரவு உடையில் அடுப்பருகே நின்று சமைக்கிறாள். இருவருக்கும் இடையே உள்ள நெருக்கம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் தம்மை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. பார்வையாளராகிய நாமும் அந்த ஒளிந்த பார்வையில் பங்கு பெறுகிறோம்.

இதைச் சுலோன் அறியாதவர் அல்லர் என்பதற்கு ‘இரவுச் சன்னல்கள்’ (1910) என்ற அச்சுப்படம் சான்று. அதில் கூரைமேல் இருக்கும் ஒரு மனிதன் எதிர்ச் சன்னலில் தெரியும் பெண்ணைப் பார்க்கிறான். கீழே வேறொரு பெண் துணி காயப்போடும் வேலையில் இருக்கிறாள். பார்க்கப்படுபவளோடு பார்ப்பவனையும் சுலோன் படத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். ‘சிகையலங்காரக் கடைச் சன்னல்’ (1907) இதையே பகல் வெளிச்சத்தில் செய்கிறது. மாடிச் சன்னலில் ஒரு பெண்ணின் தலைமுடிக்குச் சாயம் பூசப்படுகிறது. தெருவில் ஒரு கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது. படத்தின் உண்மையான பொருள் அந்தக் கூட்டமே.

சுலோனின் சிறந்த படைப்புகள் பார்ப்பவனும் படத்துக்குள் இருப்பவை என்று கூறலாம். பார்ப்பவன் மறைந்துவிடும்போது பரிவுக்கும் எட்டிப்பார்த்தலுக்கும் இடையிலான கோடு மங்குகிறது.

படத்துக்கு வெளியே நின்றது

‘ஞாயிறு, தலைமுடி உலர்த்தும் பெண்கள்’ (1912) சுலோனின் புகழ்பெற்ற ஓவியங்களுள் ஒன்று. மொட்டை மாடியில் மூன்று பெண்கள் ஈரக் கூந்தலை வெயிலில் காயவிட்டபடி பேசுகிறார்கள். அருகே கொடியில் துணிகள் காற்றில் ஆடுகின்றன. ஆறு நாள் உழைப்புக்குப் பின் கிடைத்த ஒரு நாளின் நிம்மதி படம் முழுவதும் பரவியிருக்கிறது.

அந்த ஆறு நாள்கள் எங்கே என்பதே கேள்வி. 1911 மார்ச் 25 அன்று அதே நகரத்தில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீவிபத்தில் 146 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் இளம்பெண்கள். சுலோன் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 1910இல் சோசலிசக் கட்சியில் சேர்ந்திருந்த அவர், இவ்விபத்தைப் பற்றிக் கடுமையான கேலிச்சித்திரம் வரைந்தார். 1914இல் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்டபோது ‘தி மாசஸ்’ இதழின் அட்டைப்படத்தை வரைந்தவரும் அவரே. ஆனால் இந்தச் சினம் அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குள் நுழையவில்லை. அரசியலுக்கு இதழ், வாழ்வுக்கு ஓவியம் என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

இப்பிரிவை இரு விதமாக மதிப்பிடலாம். தொழிலாளியைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் காட்டுவதும் அவரைச் சிறுமைப்படுத்துவதே. ஓய்வு நேரத்தில்தான் அவர் எவருடைய கூலியாளும் அல்லர். அந்த நேரத்தை வரைந்ததன் மூலம் சுலோன் அவர்களுக்கு முழு மனிதர் என்ற மதிப்பைத் தந்தார். மறுபக்கம், களைப்பின் காரணம் காட்டப்படாததால் வறுமை இனிய காட்சியாகிவிடும் ஆபத்தும் உண்டு. இன்று அருங்காட்சியகத்தில் அந்த மொட்டை மாடியைக் காண்பவர்கள் வெயிலை மட்டுமே உணர்ந்து திரும்பக்கூடும்.

மதிப்பீடு

1913ஆம் ஆண்டு ஆர்மரி கண்காட்சி ஐரோப்பியப் புதுமை ஓவியங்களை அமெரிக்காவில் பரவலாக அறிமுகப்படுத்தியது. அதன் முன் ஆஷ்கேன் ஓவியர்கள் விரைவில் பழையவர்களாகத் தோன்றினர். அவர்களின் தூரிகை முறையில் பெரிய புதுமை இல்லை என்பது உண்மையே. ஆயினும் சுலோன் எழுப்பிய கேள்வி பழையதாகவில்லை. பிறர் வாழ்வைப் படமெடுக்கும் கருவி எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில், பார்ப்பவர் தன்னையும் படத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ‘இரவுச் சன்னல்கள்’ இன்னும் நினைவூட்டுகிறது.